"கர்த்தர் உனக்குச் சொல்றார்"னு யாராவது வந்து சொன்ன அனுபவம் இருக்கா?

நெல்லைக்காரி:
அம்மா வழில நாங்க எல்லாரும் சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை). டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் தட்டுல பைபிள் வசனம் அச்சடிச்ச வாக்குத்தத்த கார்டு வரும், ஒண்ணு எடுத்து பைபிளுக்குள்ள வச்சுட்டு வீட்டுக்கு போய் கேக் சாப்பிடறதோட சரி. கல்யாணமாகி வந்த வீடு பெந்தெகொஸ்தே. வெளியூர்ல இருந்து ஊழியக்காரர் வந்து ஒவ்வொருத்தரையா எழுப்பி நிறுத்தி எதிர்காலம் சொல்றத இங்கதான் முதல்ல பாத்தேன்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். மதியம் ரெண்டு மணி இருக்கும், வயிறு காந்துது, கீபோர்டு தம்பி ஒரே சுருதிய அமுக்கிப் பிடிச்சுகிட்டே இருக்கான், அவரு மைக்க உதட்டுல ஒட்டி வச்சுகிட்டு ரகசியம் பேசற மாதிரி "மூணாவது வரிசை, பச்சை சேலை, மகளே எழும்பு"ங்கறாரு. என் நாத்தனார். "உன் புருஷனுக்கு வெளிநாட்டு கதவு திறக்குது, இந்த வருஷம் முடியறதுக்குள்ள விமானம் ஏறுவான்"னாரு. அவ அழுதா பாருங்க, பக்கத்துல நின்ன எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. அவ வீட்டுக்காரருக்கு அப்ப பாஸ்போர்ட்டே கிடையாது. ஓடிப்போய் பாஸ்போர்ட் எடுத்தாங்க, நகைய அடகு வச்சு ஏஜெண்டுக்கு கட்டுனாங்க, ஏஜெண்டு போன் எடுக்கறத நிறுத்திட்டான், வருஷமும் முடிஞ்சு போச்சு.

அடுத்த தடவை அதே ஊழியக்காரர் வந்தப்ப ஒருத்தரும் அத பத்தி வாய திறக்கல. அவளும் கேக்கல. எனக்கு அதுதான் உறுத்துது. நடந்துட்டா மேடை ஏத்தி சாட்சி சொல்ல வைக்கறாங்க, நடக்கலைன்னா உனக்கு விசுவாசம் பத்தலங்கறாங்க, அப்ப அவர் சொன்னது எந்த காலத்துல தப்பாகும்? உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, நிறைவேறினதும் சொல்லுங்க, நிறைவேறாததும் சொல்லுங்க.

ஓக்லண்ட்ல இருந்தவன்:
அக்கா, எனக்கு தனிப்பட்ட முறையில யாரும் சொன்னதில்ல, ஆனா மொத்த உலகத்துக்கும் முடிவு தேதி குறிச்ச ஆளோட ஊர்ல இருந்தேன். 2011ல வேலைக்காக கலிபோர்னியா ஓக்லண்ட் பக்கம். ஹரால்டு கேம்பிங்னு ஒரு பெரியவர், ஃபேமிலி ரேடியோங்கற கிறிஸ்தவ வானொலியோட தலைவர், அப்ப தலைமை அலுவலகமே ஓக்லண்ட்லதான். மே 21 நியாயத்தீர்ப்பு நாள், பைபிளே கேரண்டி தருதுன்னு ரோட்டோரம் பெரிய பெரிய போர்டு.

மனுஷன் சிவில் இன்ஜினியர், அதனாலயோ என்னவோ எல்லாமே கணக்கு. நோவா காலத்து வெள்ளம் கி.மு. 4990ன்னு அவரே ஒரு கணக்கு வச்சிருந்தாரு. ஆதியாகமத்துல "இன்னும் ஏழுநாள்"னு வருதா, பேதுருவோட ரெண்டாம் நிருபத்துல கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம் மாதிரின்னு வருதா, ரெண்டையும் பெருக்கு, 7000 வருஷம், அதுல 4990 போக, நடுவுல பூஜ்யம் வருஷம் கிடையாதுன்னு ஒண்ண கூட்டு, 2011 வந்து நிக்குது. முன்னாடி இதே மனுஷன் 1994ன்னு சொல்லி அதுவும் நடக்கல, அப்படியும் ஆளுங்க நம்புனாங்க. நியூயார்க்ல ரிட்டயர் ஆன ஒருத்தர் சேமிப்புல இருந்து 1,40,000 டாலர் எடுத்து விளம்பரத்துக்கு குடுத்தாருன்னு அப்ப செய்தியில வந்துச்சு.

ஒவ்வொரு நாட்டுலயும் அந்தந்த ஊர் நேரப்படி சாயங்காலம் ஆறு மணிக்கு பூகம்பம் வரும்னு சொல்லியிருந்தாங்க. நியூசிலாந்துல மே 21 ஆறு மணி ஆகறப்ப எங்களுக்கு முந்தின நாள் ராத்திரி பதினொண்ணு. ரூம்ல இருந்த தெலுங்கு பையன் போன்ல நியூஸ பாத்துட்டு "நியூசிலாந்து இருக்கு அண்ணா, நாளைக்கு துணி துவைக்கணும்"னு சொல்லிட்டு திரும்பி படுத்துட்டான். சிரிப்புதான். ஆனா வேலைய விட்டுட்டு வந்து நோட்டீஸ் குடுத்தவங்கள நினைச்சா சிரிக்க முடியல.

அவரு விடல, ஆவிக்குரிய விதத்துல நியாயத்தீர்ப்பு வந்துருச்சு, முழு அழிவு அக்டோபர் 21ன்னாரு. நடுவுல பக்கவாதம் வந்துச்சு. அக்டோபரும் போச்சு. 2012 மார்ச்சுல தேதி குறிச்சது பாவம்னு கடிதமே எழுதுனாரு, அதுக்கு மட்டும் அவர மதிக்கறேன், நம்ம ஊர்ல அப்படி எழுதின ஒருத்தர நான் இன்னும் பாக்கல. 2013ல இறந்துட்டாரு. மத்தேயு 24:36, அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், இத ஞாயிறு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ண வைக்கறாங்க, அப்புறமும் கால்குலேட்டர எடுக்கறாங்க.

ஆர்.சி. வீட்டு பொண்ணு:
எங்க கத்தோலிக்க பக்கமும் உண்டு. 1999 கடைசில மூணு நாள் இருட்டு வரும், மந்திரிச்ச மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியும்னு ஒரு பேச்சு கிளம்புச்சு, பாட்டி பூசை மெழுகுவர்த்தி ஒரு கட்டு வாங்கி அரிசி டின் மேல வச்சிருந்தா. கரண்டு போனப்போ கூட ஏத்த விடல!

போதகர் வீட்டு பையன்:
அப்பா சின்ன சபை போதகர், அதனால நான் மேடைக்கு பின்னாடி இருந்து பாத்தவன். வெளியூர் ஊழியக்காரர் வந்தா ஸ்டேஷன்ல போய் கூட்டிட்டு வர்றது என் வேலை. ஒருத்தர் வண்டில ஏறி உக்காந்ததும் "சபை எப்படி தம்பி? குழந்தை இல்லாத தம்பதி யாரும் இருக்காங்களா? வெளிநாட்டுக்கு முயற்சி பண்றவங்க?"ன்னு சாதாரணமா கேக்கறாரு. ஜெபிக்கறதுக்காக கேக்கறார்னு நானும் வெள்ளந்தியா சொன்னேன். சாயங்காலம் நான் சொன்னதெல்லாம் "ஆவியானவர் வெளிப்படுத்தினார்"னு மைக்ல வருது. ஜெப விண்ணப்ப சீட்ட முன்னாடியே வாங்கி படிக்கறவங்களும் உண்டு.

எல்லாரும் அப்படின்னு சொல்ல வரல. எங்க சபைல படிக்க தெரியாத ஒரு ஆச்சி இருந்தாங்க, அவங்க ஒருநாள் அப்பாகிட்ட வந்து "ஐயா, தம்பிகூட பேசாம பிரசங்கம் பண்றீங்களே, கர்த்தருக்கு சங்கடமா இருக்கு"ன்னாங்க. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சொத்து சண்டைன்னு அந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. அப்பா மூஞ்சி வெளுத்துருச்சு. ஆச்சி வருங்காலம் எதுவும் சொல்லல, காணிக்கையும் வாங்கல.

நெல்லைக்காரி அக்கா கார்டு பத்தி சொன்னீங்கல்ல, எல்லார் வீட்டுலயும் ஒரு தடவையாவது வந்திருக்கும் எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அதுக்கு முந்தின வசனத்த எந்த கார்டுலயும் நான் பாத்ததில்ல. பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டு போனவங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது, அங்க 70 வருஷம் ஆன பின்னாடிதான் திரும்ப கூட்டிட்டு வருவேன்னு இருக்கு. அந்த கடிதத்த வாசிக்க கேட்டவங்கள்ல பாதி பேர் அங்கயே செத்திருப்பாங்க. வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணுங்கன்னும் அதுலயே இருக்கு. அதுக்கு முந்தின அதிகாரம் இன்னும் சூப்பர். அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லார் முன்னாடியும் ரெண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துரும்னு சொல்றான், பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்த பிடுங்கி உடைக்கறான். எரேமியா முதல்ல என்ன சொல்றாரு தெரியுமா, ஆமென், அப்படியே நடக்கட்டும்ங்கறாரு. அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கு! ஆனா சமாதானம் சொல்ற தீர்க்கதரிசி சொன்னது நடக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்னும் சொல்றாரு. அதே வருஷம் ஏழாம் மாசம் அனனியா செத்து போறான். இன்னைக்கு ரெண்டு பேருக்கும் கன்வென்ஷன் வச்சா ரெண்டு வருஷம்னு சொன்னவருக்குத்தான் பந்தல் நிறையும்.

ஸ்டாஃப் நர்ஸ்:
நைட் டூட்டில இருந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிக்கவும். விசா வரலைன்னா பணம்தான் போச்சு. எங்க வார்டுக்கு ஒரு அம்மா கால்ல புண்ணோட வந்தாங்க, சர்க்கரை 400க்கு மேல. கூட்டத்துல சுகமாகிட்டன்னு ஒருத்தர் சொன்னாருன்னு மாத்திரைய நிறுத்திட்டாங்க. ரெண்டு விரல் எடுத்தாச்சு. நானும் ஜெபிக்கறவதான், ஊசி போட போறப்ப மனசுக்குள்ள ஜெபிச்சுட்டுதான் போடுவேன். மாத்திரைய நிறுத்துன்னு சொல்றவர் யாரா இருந்தாலும் எழுதி கையெழுத்து போட்டு குடுக்க சொல்லுங்க.

சாமுவேல் அண்ணன்:
எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்"னு தெசலோனிக்கேயர்ல இருக்கே. என் தங்கச்சிக்கு எட்டு வருஷம் குழந்தை இல்ல, ஒரு பாஸ்டரம்மா தலைல கை வச்சு சொன்னாங்க, அடுத்த வருஷம் பொண்ணு பிறந்துச்சு. இத நான் எப்படி பொய்னு சொல்ல முடியும்? புதிய ஏற்பாட்டுல அகபுன்னு ஒரு தீர்க்கதரிசி பஞ்சம் வரும்னு சொன்னாரு, ரோம ராஜா கிலவுதியு ராயன் காலத்துல வந்துச்சு. பவுலோட கச்சைய எடுத்து தன் கைகாலையே கட்டிகிட்டு, உன்ன இப்படி கட்டுவாங்கன்னாரு, கட்டுனாங்க. கள்ள நோட்டு இருக்குங்கறதுக்காக நல்ல நோட்ட யாரும் கிழிக்கறதில்ல.

போதகர் வீட்டு பையன்:
அண்ணே, தங்கச்சி குழந்தைய நினைச்சு நானும் சந்தோஷப்படறேன், அத பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொன்ன வசனத்துக்கு அடுத்ததே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து"ன்னுதான் இருக்கு. அகபு எச்சரிச்சும் பவுல் எருசலேமுக்கு போனாரே, போகாதன்னு எல்லாரும் அழுதும் போனாரே. தீர்க்கதரிசனம்னா கேட்டதும் கண்ண மூடிகிட்டு ஓடணும்னு அவரு நினைக்கல.

எங்கப்பா செஞ்சது இதுதான். ஸ்டேஷன் விஷயத்த நான் சொன்னதுக்கு அப்புறம் ஒரு நீள நோட்டு வாங்கி கோடு போட்டாரு, யார் சொன்னது, யாருக்கு, என்ன தேதி, கடைசி கட்டம் காலி. சபைல யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும் செயலாளர் எழுதிக்குவாரு, வருஷ கடைசில மூப்பர்கள் முன்னாடி வாசிச்சு அந்த காலி கட்டத்த நிரப்புவாங்க. வர்ற ஊழியக்காரருக்கு போன்லயே அத சொல்லிருவாரு. சிலர் சந்தோஷமா வந்தாங்க. ரெண்டு மூணு பேருக்கு அந்த வாரம் வேற ஊர்ல கூட்டம் இருந்துச்சாம், அதுக்கடுத்த வாரமும்.