புதுப்பிப்பு: ஊரில் மதினியின் ஆடுகள்

சிவகங்கைப் பக்கம் மதினி வளர்க்கும் வெள்ளாடுகள் காய்ச்சல், மூக்கொழுகல், கழிச்சல் என்று வரிசையாகச் செத்தன. சிங்கப்பூரில் இருந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி மதினி 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தார். வந்த டாக்டர் ஒரு ஆட்டின் வாயைத் திறந்து, ஈறில் தவிடு ஒட்டியதுபோல் இருந்த புண்ணைக் காட்டினாராம். ஆட்டுக்கொல்லி நோய். வைரஸ் என்பதால் அதற்கென்று தனி மருந்து கிடையாது. கூடவே வரும் நிமோனியாவுக்கும் நீரிழப்புக்கும்தான் வைத்தியம். ஆனால் தடுப்பூசி ஒருமுறை போட்டால் 3 ஆண்டு தாங்கும். இத்தனை எளிய ஊசி இருந்தும் ஆடுகள் சாவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் வீட்டு ஆட்டுக்கு மட்டும் போட்டால் போதாது, மேய்ச்சல் எல்லோருக்கும் ஒன்றுதானே? மதினியே வீடு வீடாகப் போய்ப் பேசி, தெரு முழுக்க ஒரே நாளில் போட வைத்துவிட்டார். தடுப்பூசி மருந்து ஐஸ் பெட்டியிலேயே வந்ததையும் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

நான் சிங்கப்பூர் தேக்காவிலிருந்து அனுப்பிய பணத்தில் இப்போதைக்குப் புது ஆடு வாங்கவில்லை. நோய்பட்டதைத் தனியாகக் கட்ட ஒரு கொட்டகை போடுகிறோம். அப்புறம், மழைக்கு முன்னால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசி. அதை எந்த மாதம் போடுகிறீர்கள்? அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்.