சைட்டிலிருந்து மழையோடு போகும் சேறு: பார்த்ததைச் சொல்லுங்கள்

சிங்கப்பூர், சைட் சூப்பர்வைசர்:

நம்மூரிலிருந்து புதிதாக வரும் ஆட்களுக்கு இங்கே முதலில் பிடிபடாதது, பக்கத்து டிரைனில் கொஞ்சம் செம்மண் தண்ணீர் போனதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பதுதான். இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழுகிற மழை, நீர்த்தேக்கங்களுக்குப் போய்க் குடிநீராகிறது. 2008-ல் மரினா அணை வந்த பிறகு நகரத்தின் நடுவிலேயே ஒரு தேக்கம் இருக்கிறது. அதனால் சைட்டை விட்டு வெளியேறும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் மிதக்கக் கூடாது என்று விதி. இரண்டு அரிசி மணி எடைதான் அது! டிரைன் வாயில் கேமரா வேறு வைத்திருப்பார்கள், கலங்கலாகப் போனால் அதிகாரிகளுக்குப் படம் போய்விடும்.

நான் முன்பு இருந்த ஒரு சைட்டில் தண்ணீரைச் சுத்தம் செய்யப் பெரிய பிளான்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்தார்கள். மருந்து கலந்து மண்ணைத் திரட்டி அடியில் படிய வைக்கிற வகை, ஓடும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்பக்கச் சரிவு முழுக்க வெறும் மண். கேன்வாஸ் போடச் சொன்னால், "அடுத்த வாரம் அங்கே தோண்டப் போகிறோம், எதுக்கு வீண் வேலை" என்பார் மேனேஜர். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

கணக்கு ரொம்ப எளிது. 10,000 சதுர மீட்டர் சைட்டில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கன மீட்டர் தண்ணீர், பிளான்ட் மணிக்கு 50 கன மீட்டர் ஓட்டினால் அதை முடிக்கப் பத்து மணி நேரம். இங்கே மதியம் பிடிக்கிற மழை ஒரு மணி நேரத்தில் அதைக் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்சத் தண்ணீர் எங்கே நிற்கும்? தண்ணீரைப் பிடித்து வைக்கச் சைட்டில் வெட்டியிருந்த குட்டை நிரம்பியதும் தோண்டுகிற குழிக்குள் இறங்கியது, குழியில் தண்ணீர் நின்றால் வேலை நடக்காது என்று சப்-கான்ட்ராக்டர் ஆட்கள் இருட்டிய பிறகு பம்ப் ஹோஸை நேராக டிரைனில் விட்டுவிட்டார்கள். காலையில் பியுபி, அதாவது இங்கத்திய தண்ணீர் வாரிய அதிகாரிகள் பாட்டிலோடு வந்து நின்றார்கள். டீயில் பால் கூடிப்போன நிறத்தில் இருந்தது அந்தத் தண்ணீர். மண் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் சரிவுக்குக் கேன்வாஸ், லாரி போகிற வழிக்கு மெல்லிசாகக் கான்கிரீட், சைட்டைச் சுற்றிக் கான்கிரீட் வாய்க்கால் எல்லாம் வந்தது. பிளான்ட் மாறவில்லை, அதே பிளான்ட்தான். வருகிற தண்ணீரில் மண் குறைந்ததால் மருந்தும் குறைந்தது, தண்ணீரும் வேகமாகத் தெளிந்தது. களிமண் ரொம்பப் பொடிசு, மணல் மாதிரி நிமிடத்தில் அடியில் உட்காராது, சும்மா விட்டால் நாள்கணக்கில் மிதக்கும். அதைத் தண்ணீரில் கலக்க விட்டுவிட்டு அப்புறம் பிரித்தெடுப்பது காசைக் கரைக்கிற வேலை. மண்ணை மூடுவதுதான் முதல் வேலை, பிளான்ட் அதற்கு அப்புறம்.

சென்னை, சிவில் இன்ஜினியர்:

அண்ணே, நீங்கள் கேமராவைப் பற்றிச் சொல்கிறீர்கள், இங்கே எங்கள் தெருவில் வேறு கதை. பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்புகிறது. ரெடிமிக்ஸ் லாரி கான்கிரீட்டைக் கொட்டி முடித்ததும் டிரைவர் கான்கிரீட் வழுக்கி இறங்குகிற சரிவுத் தகட்டைக் கழுவுவார், அந்தச் சாம்பல் நிறத் தண்ணீர் மழைநீர் வடிகால் மூடியின் ஓட்டை வழியாக உள்ளே போகும். அதில் இருப்பது சேறு இல்லை, சிமென்ட். உள்ளேயே இறுகிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் தூர் வார வந்தவர்கள் மண்வெட்டியால் முடியாமல் கடப்பாரை போட்டு உடைத்தார்கள், பலகை மாதிரித் துண்டு துண்டாக வந்தது. சிமென்ட் தண்ணீரில் காரம் அதிகம், பிஎச் அளவு 12 வரை போகும் (சுத்தமான தண்ணீருக்கு 7), கைகால் தோல் வெந்துவிடும், மீன் இருக்கிற நீர்நிலைக்குப் போனால் மீன் பிழைக்காது.

சைட் இன்ஜினியரிடம் போய்ப் பேசினேன். "லாரிக்காரன் கழுவுறதுக்கு நான் என்ன சார் பண்றது" என்றார். சைட்டுக்குள் ஒரு மூலையில் பள்ளம் எடுத்துத் தார்ப்பாய் விரித்து அதில் கழுவச் சொல்லுங்கள், காய்ந்ததும் உடைத்து நிரப்பு மண்ணோடு போட்டுக்கொள்ளலாம் என்றேன். இரண்டு ஆள் அரை நாளில் முடிக்கிற வேலை. செய்தார், ஆனால் நான் சொன்னதற்காக இல்லை, அவர்கள் கீழ்த்தளத்திலிருந்து இறைக்கும் தண்ணீரே அடைத்த வடிகாலில் போக வழியில்லாமல் அவர்கள் வாசலில் தேங்கியதால்!

கோவை, மேஸ்திரி:

சேற்றைத் தடுக்க வேலி போல் கட்டுகிற சில்ட் துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரும்பாலான இடத்தில் அதைத் திரைச்சீலை மாதிரித் தொங்க விடுகிறார்கள். தண்ணீர் அடியில் புகுந்து ஜோராகப் போய்விடும், துணி மட்டும் படத்துக்கு நிற்கும். அரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, துணியின் அடியை அதற்குள் மடித்து, மண்ணைப் போட்டு மிதித்து இறுக்கினால்தான் அது நிற்கும். தண்ணீர் ஓடையாகப் பாய்கிற இடத்தில் துணி வேலைக்கே ஆகாது, கிழித்துக்கொண்டு போகும். பரவலாக வழிந்து வருகிற சரிவுக்குத்தான் அது.

சிங்கப்பூர், சைட் சூப்பர்வைசர்:

மேஸ்திரி சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்று, பம்பின் உறிஞ்சும் முனையைக் குட்டையின் அடியில் போடாதீர்கள், படிந்த சேற்றையே திரும்பக் கிளறிக் கொண்டுவரும். ஒரு காலி டிரம்மில் கட்டி மிதக்க விட்டு, மேல் தண்ணீரை மட்டும் இழுக்க விடுங்கள். எங்கள் சைட்டில் இதைச் செய்தது ஓர் அறந்தாங்கிக்காரர், ஊரில் கிணறு இறைத்துப் பழகினவர்.

சென்னைத் தம்பிக்கு ஒரு கேள்வி: அந்தத் தார்ப்பாய்ப் பள்ளம் மழை நாளில் நிரம்பி வழியாமல் இருக்க என்ன செய்தார்கள்? எங்கள் ஆட்கள் மேலே தகரம் போடுகிறார்கள், ஆனால் லாரியின் சரிவுத் தகடு உள்ளே நுழைய இடம் பத்தவில்லை.