பயோ படிச்சிட்டு வயலுக்குப் போறன், என்ன தெரிஞ்சிருக்க வேணும்?

பச்சையம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பு கம்பஸ்ல பயோ படிக்கிறன், வீடு வெள்ளவத்தை. வாற மாசம் கிளிநொச்சிப் பக்கம் விவசாய விரிவாக்க வேலையில இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, காலபோகம் (பெருமழைக்கால நெல் விதைப்பு) தொடங்குற நேரம், விவசாயப் போதனாசிரியரோட வயலுக்குப் போறது, நோய் பூச்சி பாத்துப் பதியிறது, கமக்காரர் கூட்டத்துக்கு உதவி செய்யிறது, இதுதான் வேலை எண்டு சொல்லியிருக்கினம். பூச்சியின்ட வாயுறுப்பக் கீறச் சொன்னா கீறுவன், ஆனா நெல் வயலுக்குள்ள இறங்கினதே இல்ல. சின்னனில இருந்து வயலிலயே நிண்ட ஒரு ஐயாவுக்கு நான் என்னத்தச் சொல்றது? அம்மா வேற, பொம்பிளப் பிள்ளை தனிய வரம்பு வரம்பாத் திரியப் போறியோ எண்டு யோசிக்கிறா. போக முதல் எதைப் படிக்க?

குளக்கட்டு:
தங்கச்சி, நான் கிளிநொச்சி இரணைமடுப் பக்கம்தான், அப்பா இப்பவும் வயல் செய்யிறார். எங்கட ஆக்கள் ஏன் அதிகாரிமாரைச் சந்தேகமாப் பாக்கினம் எண்டு முதல் விளங்கிக் கொள்ளுங்கோ. 2021 இல இரசாயன உரத்த ஒரேயடியா நிப்பாட்டிச்சினம், அந்த வருசக் கடைசியில திரும்ப விட்டவை, ஆனா அதுக்குள்ள பயிர் போயிட்டுது, கடன் நிண்டுட்டுது. அதால சேதனப் பசளை, இயற்கை உரம் எண்டு நீங்க வாயெடுத்தாலே சில பேர் எழும்பிப் போவினம். அதைக் கோவமா எடுக்க வேண்டாம். இன்னொண்டு, பயிருக்கு வருத்தம் எண்டா கமக்காரர் முதல் போறது பூச்சிமருந்துக் கடைக்கு, கடைக்காரர் கடனுக்கும் குடுப்பார், அதால அவர் சொல்றதுதான் நடக்கும். அவரோடயும் போய்க் கதையுங்கோ, அந்த ஊரில இப்ப என்ன பூச்சி எண்டு அவருக்குத்தான் முதல் தெரியும்.

மட்டு_வயல்:
நான் மட்டக்களப்பில போதனாசிரியரா இருக்கிறன். நீங்க படிச்ச பயோ வீண் எண்டு நினைக்காதேங்கோ பிள்ளை, அது எங்க உதவும் எண்டு சொல்றன். அறக்கொட்டிப் பூச்சிய எடுங்கோ. அது நெல்லின்ட அடியில, தண்ணிக்குக் கிட்ட இருந்து சாறு உறிஞ்சுறது, மேல பாத்தா தெரியாது, பிறகு வயல் வட்டம் வட்டமா எரிஞ்ச மாதிரி வரும். பயத்தில நேரத்தோடயே கண்ட மருந்தையும் அடிச்சா அதைத் தின்னுற சிலந்தியெல்லாம் செத்துப் போகும், ஆனா அறக்கொட்டி முட்டைய இலையுறைக்குள்ள வைக்கிறதால முட்டை தப்பும், குஞ்சு வரேக்க அதைப் பிடிக்க ஒருத்தரும் இல்ல. மருந்தடிச்ச பிறகுதான் கூடினது எண்டு கமக்காரர் சொன்னா அது உண்மை. விதைய அடர்த்தியா எறிஞ்சு யூரியாவையும் அள்ளிப் போட்டா இன்னும் கூடும். இதை வகுப்பெடுக்கிற மாதிரிச் சொல்லாம, நெல்லை விலத்தி அடியைக் காட்டி, சிலந்திய அவரையே எண்ணச் சொல்லுங்கோ.

இலை மஞ்சளாகிறதும் அப்பிடித்தான். மஞ்சள் எண்டவுடன யூரியா எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நைதரசன் குறைஞ்சா பழைய இலைதான் முதல் மஞ்சளாகும், ஏனெண்டா பயிர் அதை இளம் இலைக்குக் கடத்திப்போடும். இளம் இலையில தொடங்கினா கந்தகம், இரும்பு எண்டு யோசிக்க வேணும். இந்த ஒரு வித்தியாசத்த வயலில வச்சுக் காட்டினா ஒரு மூடை யூரியாக் காசு மிஞ்சும், அந்தக் காசு அந்த வீட்டுக்குப் பெரிசு.

அம்மாவிட்டச் சொல்லுங்கோ, களை பிடுங்குறது, நாத்து நடுறது கனக்கப் பொம்பிளையள்தான். கூட்டத்துக்கு ஆம்பிளையள் வருவினம், ஆனா எந்த மூலையில முதல் நோய் வந்தது எண்டு இவைக்குத்தான் தெரியும். எங்களோட கதைக்காததெல்லாம் உங்களோட கதைப்பினம்.

கொட்டாஞ்சேனை_99:
எலிக்காய்ச்சல்! ஒருத்தரும் சொல்லேல்ல. சேத்துக்க இறங்க முதல் அந்த இடத்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கோ, வயல் வேலை செய்யிறவைக்குத் தடுப்பு மருந்து தருவினம். காலில புண் இருந்தா இறங்கவே வேண்டாம், திரும்பி வந்து காய்ச்சல் உடம்பு நோ எண்டா வயலுக்குப் போனதை டொக்டரிட்ட மறக்காமச் சொல்லுங்கோ.

பச்சையம்:
எல்லாருக்கும் பெரிய நன்றி, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். மட்டு அக்காவோ அண்ணாவோ தெரியேல்ல, ஒண்டு கேக்கிறன், கொப்பியில என்னென்ன பதிய வேணும்?

மட்டு_வயல்:
அக்காதான். என்ன இனம், எந்தத் திகதி விதைச்சது, இது ரெண்டும் இல்லாட்டி மிச்சம் எழுதிப் பிரயோசனமில்ல. பிஜி 300 மூண்டு மாச நெல், பிஜி 352 மூண்டரை மாசம், ரெண்டுக்கும் ஒரே நாளில பசளை போடச் சொல்லக் கூடாது. பிறகு என்ன பசளை எப்ப போட்டவை, என்ன மருந்து அடிச்சவை, போத்தலையும் படமெடுங்கோ. சில பேர் நிலத்தப் பரப்புக் கணக்கில கதைப்பினம், 16 பரப்பு ஒரு ஏக்கர். கேட்டதுக்குப் பதில் தெரியாட்டி உடன சொல்லாதேங்கோ, 1920 எண்ட நம்பருக்கு அடிச்சு விவசாயத் திணைக்களத்திட்டக் கேக்கலாம், கேட்டுட்டு அடுத்த கிழமை அதே வயலுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு அவரே உங்கள வந்து கூப்பிடுவார்.