நாட்டுப்படகும் விசைப்படகும் 'அட் லாகர்ஹெட்ஸ்': பிள்ளைகள் அப்படி எழுதலாமா?

மண்டபம் டீச்சர்:
பத்தாம் வகுப்புக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் நடத்துகிறேன். அடிக்கடி முட்டிக்கொள்ளும் இரு தரப்பைச் சொல்ல 'அட் லாகர்ஹெட்ஸ்' என்று ஒரு தொடர் உண்டு. வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். பாதி வகுப்பு ஒரே மாதிரி எழுதியிருக்கிறது: விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் எப்போதும் அட் லாகர்ஹெட்ஸ். தப்பில்லாத வாக்கியம், மதிப்பெண் போட்டுவிட்டேன். ஆனால் நாட்டுப்படகில் தொழில் செய்யும் ஒரு பையனின் அப்பா, "எங்களைப் பற்றி இப்படி எழுதச் சொல்லாதீங்க டீச்சர்" என்று வந்து வருத்தப்பட்டார். இங்கே இரண்டு தரப்பு வீட்டுக்காரர்களும் இருக்கிறீர்கள். என்ன நினைக்கிறீர்கள்?

வல்லம்:
அந்த அப்பா வருத்தப்பட்டது நியாயம். இந்தத் தொடரைப் படிக்கிறவன், ரெண்டு பேரும் சமமான பிடிவாதக்காரர்கள், காரணமே இல்லாமல் மோதுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வான். தமிழில் கீரியும் பாம்பும் என்று போட்டாலும் அதே கதிதான், பிறவிப் பகை ஆகிவிடும். எங்கள் பிரச்சினைக்குக் காரணம் இருக்கிறது டீச்சர். 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. ரெண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கும் தடை. ஆனால் நடப்பது வேறு. சாயங்காலம் நண்டு வலையைப் பாய்ச்சிவிட்டு வருகிறோம். விடியற்காலம் போய்ப் பார்த்தால் கொடி கட்டிய மிதவை ஒரு பக்கம் தனியாக மிதக்கும். கயிற்றை இழுத்தால் கனமே இருக்காது, அறுந்த முனைதான் கைக்கு வரும். விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் வலையான இழுவைமடி அதன் மேலே போயிருக்கிறது. கடன் வாங்கிப் போட்ட வலை அது. இதற்குப் பெயர் ரெண்டு பேர் சண்டையா?

தொண்டி வாசகர்:
வல்லம் அண்ணனின் கோபம் புரிகிறது. ஆனால் அந்தத் தொடர் யார் பக்கம் நியாயம் என்று எதுவும் சொல்வதில்லை. தொழிற்சங்கமும் நிர்வாகமும் முட்டிக்கொண்டு நின்றாலும் ஆங்கிலப் பத்திரிகைகள் இதைத்தான் எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் குற்றவாளி என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. ஒத்துப்போகவில்லை என்ற நிலையைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. காரணத்தை அடுத்த வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாமே? பிள்ளைகள் தங்கள் ஊர்க் கடலை ஆங்கில வாக்கியத்துக்குள் கொண்டுவந்ததே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சம்மாட்டி மகள்:
நான் ராமேஸ்வரம், விசைப்படகுக் குடும்பம். வலை அறுபடுவது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் விசைப்படகு என்றாலே அத்துமீறல் என்று பேசுவதை ஏற்க முடியாது. மீன் உற்பத்தியைப் பெருக்க இழுவைப் படகுகளை ஊக்கப்படுத்தியது அரசாங்கம்தான். இன்றைக்கு அதே படகை வைத்திருப்பதே குற்றம் என்கிறார்கள். படகில் போகிறவர்கள் பங்குக்குப் போகும் கூலிக்காரர்கள், மீன்பாடு இல்லையென்றால் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது. கடலையும் பாருங்கள். கரையோரம் 3 மைலை விட்டுவிட வேண்டும். கச்சத்தீவு இங்கிருந்து 12 கடல் மைல் போல இருக்கும், எல்லைக்கோடு அதற்கும் இந்தப் பக்கம். நடுவில் மிச்சமிருக்கும் பட்டையில்தான் இத்தனை படகும் மடி இழுக்க வேண்டும். போதாததற்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை கிடையாது.

வல்லம்:
தங்கச்சி, கூலிக்குப் போகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் சொந்தக்காரர்களே போகிறார்கள். தடைக்காலமும் மீன் பெருகத்தான். இழுவைமடி அடித்தரையைச் சுரண்டி, பாசி, குஞ்சு, சினை என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது, நாங்கள் போடும் செவுள்வலை அப்படிச் செய்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெரிய குறை 'எப்போதும்' என்பதில்தான். நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், மூணு நாள் நாலு நாள் முறை இருக்கிறதே! திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாள் எங்களுக்கு. மீன்வளத்துறை டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு கிளம்பும். முன்பு கடலில் அடிதடியாகி, அப்புறம் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி உண்டாக்கிய முறை அது. அதைக் காப்பாற்றுகிற நாளில் இந்தக் கடலில் சத்தமே இருக்காது. மீறினால்தான் சண்டை. பிள்ளைகளுக்குச் சண்டை மட்டும் தெரிகிறது, ஊர் கூடிப் பேசி வைத்த முறை தெரியவில்லை. எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

தொண்டி வாசகர்:
'எப்போதும்' தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி, நேராகக் கேட்கிறேன். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ராமேஸ்வரம் இழுவைப் படகுகள் வந்து எங்கள் வலையை அறுக்கின்றன, எங்கள் கடலை வழிக்கின்றன என்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அதை மட்டும் நாம் இரு நாட்டு மீனவர் மோதல் என்று சமமாக எழுதுகிறோம். உங்கள் நியாயம் அங்கேயும் செல்லுமா?

வல்லம்:
செல்லும். அவர்கள் சொல்வது சரி. அறுந்த வலைக்கு எல்லைக்கோடு கிடையாது. போரின்போது பல வருஷம் கடலுக்குள்ளேயே இறங்க முடியாமல் கிடந்து, இப்போதுதான் தலைதூக்குகிற சனம். அதற்காக நம் பிள்ளைகளைப் பிடித்துச் சிறையில் வைப்பதையும் படகை நாட்டுடைமை ஆக்குவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் வலை விஷயத்தில் அவர்கள் எங்களைப் போலத்தான்.

சம்மாட்டி மகள்:
இதை எங்கள் தெருவில் சொன்னால் அண்ணனை யாரும் விடமாட்டார்கள். ஆனாலும் மனசுக்குள் பலருக்கும் தெரியும். எங்களுக்கு மாற்றுவழி இல்லாததுதான் பிரச்சினை. இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று 2017-இல் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம். மீதி 24 லட்சத்தில் 8 லட்சம் கைக்காசு, 16 லட்சம் வங்கிக் கடன். இருக்கிற படகுக்கே கடன் அடைபடாத வீட்டில் இது நடக்கிற காரியமா? சூரைக்குப் போனால் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அந்தத் தொழில் பழக்கமில்லை. பழக்கிவிடுவதற்கு ஆளும், தாங்கக்கூடிய கடனும் கொடுத்தால் முதலில் எழுதிக் கொடுப்பது என் அப்பாவாகத்தான் இருக்கும்.