படுத்த படுக்கையான நோயாளிக்கு மஸ்ட் ஸ்கோர் போடுவது எப்படி?

வார்டு_சிஸ்டர்_சேலம்:
அட்மிஷன் ஆன 24 மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் மஸ்ட் ஸ்கோர் (ஊட்டச்சத்துக் குறைபாட்டு ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண்) போட வேண்டும். நடக்கிறவர்களுக்குச் சிக்கலில்லை. இடுப்பு எலும்பு முறிந்தவரை எடை மெஷினில் எப்படி ஏற்றுவது? ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்து வருகிற பலருக்குப் பழைய எடை தெரியாது. ஸ்கோர் 2, அதாவது அதிக ஆபத்து, வந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி போதுமா?

டயட்_மேசை:
சிஸ்டர், எடை பார்க்க முடியாவிட்டால் மேல்கைச் சுற்றளவு எடுங்கள். இடது முழங்கையை 90 டிகிரி மடக்கி, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு கையை நீட்டித் தளரவிட்டு அங்கே டேப்பைச் சுற்றுங்கள். மடக்கிய கையோடே அளப்பதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. தசை திரண்டு அளவு கூடிவிடும். டிரிப் ஏறி வீங்கிய கை என்றால் மறுகை. 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

பழைய எடைக்குப் பதில், ரவிக்கையைப் பிடித்துத் தைத்திருக்கிறார்களா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, அரைஞாண் கயிற்றில் புது முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எடை தெரிந்தவர்களுக்கு, எத்தனை கிலோ குறைந்ததோ அதைப் பழைய எடையால்தான் வகுக்க வேண்டும். 52 கிலோ 47 ஆனால் 9.6 சதவீதம், மதிப்பெண் 1. 47-ஆல் வகுத்தால் 10.6 வந்து, 10-ஐத் தாண்டுவதால் மதிப்பெண் 2 ஆகிவிடும். கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் எடையை நம்பவே வேண்டாம்.

கிச்சன்_பக்கம்:
ஜவ்வரிசி நம்ம ஊர்ச் சரக்கு, குறை சொல்ல மனசு வராது. ஆனாலும் அது மரவள்ளி மாவுச்சத்துதான். 100 கிராமில் 1 கிராம் புரதம்கூடத் தேறாது. 50 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு 1.2 கிராம் வீதம், நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும். ஜவ்வரிசியைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவிட்டு 150 மி.லி. பால், 20 கிராம் பொட்டுக்கடலை மாவு, 10 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் சேர்த்தால் டம்ளருக்கு 12 கிராம் பக்கம் வரும். பவுடரைத் தனியே கரைத்து, இறக்கிய பிறகு ஊற்றுங்கள். கொதியில் கொட்டினால் கட்டி தட்டும். காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தால் சோற்றைத் தள்ளிவிடுவார்கள். மூக்குக் குழாயில் மட்டும் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

மெடிசின்_டியூட்டி:
ஒரு எச்சரிக்கை. பத்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாதவர், பி.எம்.ஐ. 16-க்குக் கீழே உள்ளவர் என்றால் பரிதாபப்பட்டு முதல் நாளே நிறையக் கொடுக்காதீர்கள். பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சடாரென்று இறங்கி இதயத்துடிப்பே தடுமாறும். கிலோவுக்கு 10 கலோரியில் ஆரம்பியுங்கள். 45 கிலோவுக்கு 450. முழு அளவுக்குப் போக 4 முதல் 7 நாள் ஆகட்டும். உணவுக்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) தொடங்க வேண்டும், நாளைக்கு 200–300 மி.கி. மதுப்பழக்கம் உள்ளவர்களிடம் இதை மறக்கவே கூடாது.

வார்டு_சிஸ்டர்_சேலம்:
நன்றி சார். கிட்னி கேஸுக்கும் இதே கஞ்சியா?

டயட்_மேசை:
வேண்டாம். பால்பவுடரில் பாஸ்பரஸ், பொட்டாசியம் இரண்டும் அதிகம். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை, டயாலிசிஸ் இல்லாதவருக்கு அளவு வேறு. கிரியேட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட்டோடு டயட்டீஷியனுக்கு அனுப்பிவிடுங்கள்.