ஒருவர் இந்தியர், மற்றவர் வெளிநாட்டவர்: குழந்தைக்கு இரட்டைக் குடியுரிமை (அனுபவப் பகிர்வு)

"இந்தியாவில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது சரி. கைக்குழந்தை விஷயத்தில் பாதிதான் சரி.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வெளிநாட்டில் குழந்தை பிறந்த நாளில் தாயோ தந்தையோ இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், குழந்தையும் வம்சாவளியில் இந்தியக் குடியாகலாம். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் இது தானாக நடப்பதில்லை. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பதியும்போது பெற்றோர் தரும் உறுதிமொழியின் வாசகம் முக்கியம்: "குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை" என்பதே அது. வேறு நாட்டுக் குடியுரிமை இல்லை என்று அதில் கேட்கவில்லை. இரண்டு குடியுரிமையும் உள்ள மைனர், 18 முடிந்த ஆறு மாதத்துக்குள் மற்றதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது பதினெட்டரை வயது வரை இரண்டும் சேர்ந்திருக்கச் சட்டமே இடம் விடுகிறது. இரண்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் இடமில்லை.

ஆகவே எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிட்டால் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியாது. பிறகு மிச்சம் இருப்பது ஓசிஐ ('இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்' என்ற பெயரில் தரும் அட்டை) மட்டும்.

*

மேலே சொன்னது சட்டப்படி சரி. நடைமுறையில் எந்த நாட்டில் பிறந்தது என்பதுதான் முடிவு செய்கிறது.

அமெரிக்காவில் பிறந்தால் அந்த மண்ணிலேயே குடியுரிமை வந்துவிடும். அமெரிக்கக் குடிமக்கள் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டில்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டும். பால்குடிப் பிள்ளைக்கும் விலக்கில்லை. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தால் அதில் ஒட்ட அமெரிக்க விசாவும் கிடைக்காது, சொந்தக் குடிமகனுக்கு யாரும் விசா தருவதில்லை. ஊருக்கு வந்து போகும் குடும்பம் என்றால் அங்கே ஓசிஐதான் வழி.

அமீரகத்தில் கதை நேர்மாறு. அங்கே பிறந்ததால் எந்தக் குடியுரிமையும் வராது. பிறந்து 120 நாளுக்குள் குழந்தைக்குக் குடியிருப்பு விசா போட வேண்டும், தாண்டினால் அபராதம் ஓடும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அந்த அவசரத்தில் எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதை எடுத்துவிட்டு, இந்தியப் பதிவைப் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளும்போதுதான் பலருக்குக் கதவு மூடுகிறது.

வெளிநாட்டுப் பெற்றோரின் பக்கமும் பாருங்கள், அந்தக் குடியுரிமையும் எப்போதும் தானாக வராது. தாய் அமெரிக்கர், தந்தை இந்தியர், முறைப்படி திருமணமானவர்கள், குழந்தை மூன்றாம் நாட்டில் பிறந்தது என்றால், அந்தத் தாய் பிரசவத்துக்கு முன் மொத்தம் ஐந்து வருடமாவது அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டு வருடம் 14 வயதுக்குப் பின். பள்ளி மதிப்பெண் பட்டியல், வரிக் கணக்கு, பழைய பாஸ்போர்ட் முத்திரைகள் எல்லாவற்றையும் பிரசவத்துக்கு முன்பே சேர்த்து வையுங்கள். பிரிட்டனிலும் வம்சாவளியில் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டில் பிறக்கும் தன் பிள்ளைக்கு அதைப் பொதுவாகத் தானாகக் கடத்த முடியாது.

*

காகிதங்கள் பற்றி. பிறப்புப் பதிவுக்கு இந்தியக் குடியுரிமை இணையதளத்தில் படிவம் நிரப்பி, அச்செடுத்து, இருவரும் கையெழுத்திட்டுத் தூதரகத்தில் தர வேண்டும். பெற்றோர் பெயர்கள் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இருவர் பாஸ்போர்ட், வசிக்கும் அனுமதிக்கான ஆதாரம். சில நாடுகளில் முதலில் தரும் சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. அது இதற்குச் செல்லாது, முழு வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க வைக்கும் சான்று முத்திரை) எல்லா நாட்டிலும் கிடையாது. அதற்கான ஒப்பந்தத்தில் இந்தியா 2005இலேயே சேர்ந்துவிட்டது, சிங்கப்பூர் 2021இல், கனடா 2024 ஜனவரியில். அமீரகம் அதில் இல்லை; அங்கே வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். தந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, திருமணச் சான்றிதழில் முன்னால் 'கே.', குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாத்தா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று தூதரக எழுத்தர் எதை வைத்து நம்புவார்? பிரசவத்துக்கு முன்பே தந்தையின் பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரித்து மாற்றிவிடுவது உத்தமம். முடியாவிட்டால் ஒரே நபர்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்று நோட்டரி முத்திரையோடு. மருத்துவமனையில் நீட்டும் படிவத்தில் எழுதும் எழுத்துக்கூட்டல்தான் பிள்ளையின் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். தூக்கக் கலக்கத்தில் நிரப்பாதீர்கள்.

*

ஓசிஐ பக்கம் போகிறவர்களுக்கு: அது குடியுரிமை அல்ல, பெயரில்தான் அப்படி இருக்கிறது. வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, அரசு வேலை கிடையாது. மற்றபடி விசா இல்லாமல் எத்தனை நாளும் இருக்கலாம்.

பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே மைனருக்குத் தகுதி உண்டு. ஆனால் பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களின் பெற்றோர் இவர்களில் யாராவது எப்போதாவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் கிடைக்காது. விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களால்: புகைப்படம் 51க்கு 51 மில்லிமீட்டர் சதுரமாக இல்லை, பின்னணி சுத்த வெள்ளை (வெளிர் நிறமாக இருக்க வேண்டும்), கையெழுத்துக் கட்டத்தில் குழந்தையின் கைரேகைக்குப் பதில் அம்மாவின் கையெழுத்து, இருவரில் ஒருவரின் சம்மதக் கையெழுத்து இல்லை. குழந்தைக்கு முன்பு இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால், அதை ஒப்படைத்த சான்றிதழ் இல்லாமல் ஓசிஐ நகராது.

20 வயதுக்குள் ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் புதுப்பித்ததும், மூன்று மாதத்துக்குள் புதிய பாஸ்போர்ட்டையும் படத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் இல்லை. 20க்குப் பிறகு எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அட்டையையே மாற்ற வேண்டும்.

பிள்ளையை இங்கே மருத்துவம் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பின் ஓசிஐ வாங்கியவர்கள் நீட் எழுதலாம், ஆனால் என்ஆர்ஐ இடங்களுக்கோ வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக உருவாக்கும் இடங்களுக்கோதான் போட்டியிட முடியும். அதற்கு முன் வாங்கியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது பிறக்கும் குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை.

*

இலங்கைப் பெற்றோர் இருந்தால் வேறு கணக்கு. அங்கேயும் பிறப்பைப் பதிய ஒரு வருடம்தான், தூதரகத்திலோ கொழும்பிலோ செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் பிந்தியும் ஏற்கிறார்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தாய் மட்டும் இலங்கையர் என்றாலும் போதும். சிக்குவது ஓரிடத்தில்: பிள்ளை பிறக்கும் முன்பே தாயோ தந்தையோ வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், பிறந்த நாளில் அவர் இலங்கையர் இல்லை. பிள்ளைக்கும் கிடையாது.

*

இன்னொன்று. இந்தியப் பெற்றோரே பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை எடுக்கப் போகிறார் என்றால், பிள்ளை பெரியவனானதும் திரும்பப் பெற்றுக்கொள்வான் என்று கணக்குப் போடாதீர்கள். 8(2) பிரிவில், பெற்றோர் துறந்ததால் குடியுரிமை இழந்த மைனர், வயதுக்கு வந்த ஒரு வருடத்துக்குள் அதை மீட்கலாம் என்று இருக்கிறது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை தானாக அறுந்துவிடுகிறது, அது 'துறப்பு' ஆகாது, அதனால் பிள்ளைக்கு 8(2) கைகொடுக்காது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இந்தியக் குடியுரிமையே வேண்டும் என்று நினைக்கும் குடும்பத்தில், குறைந்தபட்சம் பிரசவமும் தூதரகப் பதிவும் முடியும் வரை இந்தியப் பெற்றோர் வெளிநாட்டுக் குடியுரிமை உறுதிமொழிக்குத் தேதி வாங்காமல் இருப்பது நல்லது.