ஆட்டம் ரத்தான சனிக்கிழமைகள்: இங்கிலாந்தின் நான்-லீக் மைதானங்களில் நீங்கள் பார்த்தது என்ன?

முதல் பதிவு

லண்டனுக்குத் தெற்கே ஒரு சின்ன கால்பந்து கிளப்பில் மைதான வேலைக்குக் கைகொடுத்து வருகிறேன். கிளப் பெயர் வேண்டாம். தெரியாதவர்களுக்காக: பிரீமியர் லீகும் அதன் கீழே உள்ள மூன்று டிவிஷன்களும் சேர்ந்து 92 கிளப்புகள். அதற்கப்புறம் வருவதெல்லாம் நான்-லீக். மேலேயிருந்து எண்ணினால் நாங்கள் எட்டாவது படி. நுழைவுச்சீட்டு கிழிப்பவர், டீ ஊற்றுபவர், கார்னர் கொடி நடுபவர் எல்லாருமே வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை வந்து நிற்கிறவர்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விடாத மழை. காலையிலேயே பக்கத்து ஊர் நடுவர் ஒருவரை வரவழைத்தோம், வெளியூர் ரசிகர்கள் கிளம்புவதற்கு முன்பே முடிவு சொல்லிவிடலாம் என்று. அவர் நேராகக் கோல் முன்னால் போய் நின்றார். குதிகாலை அழுத்தி எடுத்தார், அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. பந்தை நெஞ்சு உயரத்திலிருந்து விட்டார், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இன்னும் நாலு இடத்தில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், ஆட்டம் ரத்து. உடனே அறிவித்தோம். ஆனாலும் எதிரணி ரசிகர்கள் கொஞ்சம் பேர் அதற்குள் ரயிலேறி வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் கேட்டுக்கு வந்து மைதானத்தைப் பராமரிக்கும் எங்கள் கிரவுண்ட்ஸ்மேனைப் பார்த்து, "வாரம் முழுக்க என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கத்தினார். எங்கள் ஆள் எழுபதைத் தாண்டியவர், பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர். பூட்ஸ் முழுக்கச் சேற்றோடு நின்று கேட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாரம் முழுக்க அவர் என்ன பண்ணினார் என்பதை நான் சொல்கிறேன். எங்கள் மைதானம் களிமண். முதல் அணி, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணி, பெண்கள் அணி என எல்லாரும் அதே புல்லில்தான் ஆடுகிறார்கள். ஈரத்தில் ஆட ஆட மண் இறுகி, காற்றுக்கும் தண்ணீருக்கும் வழியே இல்லாமல் போகிறது. அதற்கு எங்களிடம் இருக்கும் மருந்து நாலு பல் இரும்பு ஃபோர்க்தான். ஒரு ஜாண் ஆழத்துக்கு மிதித்து இறக்க வேண்டும், பிடியை லேசாகப் பின்னால் சாய்க்க வேண்டும், மேல்மண் பிளந்து கிளம்பிவிடாமல் நேராக உருவ வேண்டும். அரையடி தள்ளி மறுபடியும் அதே. மோசமான இடத்தில் பல்லை உருவும்போதே புளித்த வாடை வரும், உள்ளே மண் சாம்பலும் கறுப்புமாக இருக்கும். காற்றே போகாத மண் அப்படித்தான். இரண்டு பேர் ஒரு காலைப்பொழுது முழுக்கக் குத்தினால் கோல் முன்பகுதிகளும் நடுவட்டமும் முடியும். மைதானம் மொத்தம் நூறு மீட்டர் நீளம், அறுபத்து நாலு மீட்டர் அகலம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். "ரோலர் போட்டுத் தட்டையாக்குங்க" என்பார்கள். ஈரக் களிமண்ணில் ரோலர் ஓட்டினால் அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே இன்னும் இறுகிவிடும், அடுத்த மழைக்குக் குளம். "மணல் கொட்டுங்க" என்பார்கள். தேங்கிய தண்ணீரின் மேல் நாலு மூட்டை மணல் போட்டால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும், தண்ணீர் இறங்க வழி கிடைக்காது. "விதை போடக்கூடாதா?" மண்ணின் சூடு ஆறு டிகிரிக்குக் கீழே போனால் புல் கிட்டத்தட்ட வளர்வதையே நிறுத்திவிடும், விதையும் எளிதில் முளைக்காது. டிசம்பரில் பெயர்ந்த இடம் மார்ச் வரைக்கும் அப்படியேதான் கிடக்கும்.

டிவியில் பார்க்கும் மைதானங்களோடு ஒப்பிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அங்கே புல்லோடு செயற்கை இழை தைத்திருக்கிறார்கள், மண்ணுக்கடியில் சூடேற்றும் குழாய் ஓடுகிறது, வெயில் இல்லாத மாதங்களில் சக்கரம் வைத்த விளக்குகளை நாள் கணக்கில் புல்லுக்கு மேலே நிறுத்துகிறார்கள், முழுநேர ஆட்கள் ஒரு குழுவாக இருக்கிறார்கள். எங்களிடம் ஒரு கிழவர், ஒரு பழைய டிராக்டர், சனிக்கிழமை காலையில் கூப்பிட்டால் வரும் ஏழெட்டுப் பேர்.

அதற்காக ரசிகர் எதையுமே எதிர்பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்து வருகிறார், மழையில் நிற்கிறார், அவருக்குக் கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு. ஆனால் ஜனவரியில் மைதானம் எப்படி இருக்கும் என்பது மே மாதத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. சீசன் முடிந்ததும் இறுகிய மண்ணை இயந்திரத்தால் ஆழமாகத் துளைக்க வேண்டும், செத்த புல்லை வாரியெடுக்க வேண்டும், லாரி லாரியாக மணல் பரப்ப வேண்டும், ரை புல் விதைத்துத் தண்ணீர் விட்டு யாரையும் கால் வைக்க விடாமல் காக்க வேண்டும். இத்தனைக்கும் பணம் வேண்டும், அவகாசமும் வேண்டும். இரண்டையும் கமிட்டிதான் தர வேண்டும். நடப்பது என்ன? ஜூலை தொடக்கத்திலேயே ஒரு பெரிய கிளப்பைக் கூட்டி வந்து நட்பு ஆட்டம் வைத்தால் வசூல் நன்றாக இருக்கும் என்று தேதி குறித்துவிடுகிறார்கள். ஆகஸ்டில், பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் கலந்து ஆடும் எஃப்ஏ கோப்பையின் தகுதிச் சுற்று வேறு. வேர் பிடிக்காத புல்லில் பூட்ஸ் இறங்கிவிடுகிறது. அந்த நட்பு ஆட்டத்தை வேண்டும் வேண்டும் என்று கேட்டவர்களும் ரசிகர்கள்தான்.

எங்கள் கோலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் உரக்கக் குறை சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க் எடுக்க வந்தார். குத்திக்கொண்டே திட்டினார், போகும்போதும் திட்டினார், இன்றைக்கும் திட்டுகிறார். ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, மைதானச் செலவுக்கென்று ஏன் கணக்கில் தனி ஒதுக்கீடே இல்லை, ஸ்ட்ரைக்கர் ஒருவருக்குக் கொடுக்கும் வாரப் பணத்தில் எவ்வளவு மணல் வாங்கலாம் என்று கேட்டார். கமிட்டியில் ஒருத்தருக்கும் பதில் வரவில்லை. அந்த வருஷம்தான் முதல்முறையாக இயந்திரத் துளையிடலுக்குப் பணம் ஒதுக்கினார்கள். எதிர்பார்ப்பு என்றால் அந்த மாதிரி இருக்க வேண்டும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் பக்கம் எப்படி? நடந்ததை எழுதுங்கள்.

பதில்

என் மகள் ஒரு நான்-லீக் கிளப்பின் பெண்கள் அணியில் ஆடுகிறாள். ஊரும் பேரும் நானும் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன களிமண், மழை எல்லாம் சரி, ஆனால் மைதானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வரும்போது முதலில் வெளியே அனுப்பப்படுவது யார் என்பதையும் யாராவது பேச வேண்டும். இரண்டு சீசனாக நவம்பர் வந்தால் "புல்லுக்கு ஓய்வு" என்று சொல்லிப் பெண்களைப் பூங்கா மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே உடை மாற்ற அறை இல்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் காருக்குள் துண்டைச் சுற்றிக்கொண்டு உடை மாற்றுகிறார்கள். அதே வாரம் ஆண்களின் இரண்டாம் அணி பிரதான மைதானத்தில் பயிற்சி எடுத்தது, நான் கண்ணால் பார்த்தேன்.

பொறுப்பாளரிடம் கேட்டேன். சனிக்கிழமை பார்க்க வருபவர்கள் பச்சையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். பணிவாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வரும் நாங்களும் ரசிகர்கள்தானே? நாங்களும் காசு கொடுத்துத்தானே உள்ளே வருகிறோம்? புல் தாங்கும் மணிநேரம் குறைவு என்றால் அதை எல்லா அணிக்கும் கணக்குப் போட்டுப் பிரிக்கட்டும், சீசன் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டட்டும். அப்போது நாங்களும் ஒத்துழைப்போம்.

பதில்

2018இல், ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான கொனிஃபா உலகக் கிண்ணம் லண்டனில் நடந்தபோது தமிழீழ அணியின் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். அந்தத் தொடரே நான்-லீக் மைதானங்களில்தான் நடந்தது, இறுதி ஆட்டம் என்ஃபீல்டில். அதுவரைக்கும் நான் டிவியில் மட்டும் உதைபந்தாட்டம் பார்த்த ஆள். வேலியில் சாய்ந்து நின்று, விளையாடுபவர் மூச்சு வாங்குவது கேட்கிற தூரத்தில் பார்க்கலாம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு கென்ட் பக்கம் ஆட்டங்களுக்கு அடிக்கடி போகிறேன்.

மழைக்கு நல்ல மறுமொழி செயற்கைப் புல் என்று எனக்கு ஒரு எண்ணம். கென்டில் இருக்கும் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் கிளப்பைப் பாருங்கள். 1988இல் சொந்த மைதானத்தை விட்டுப் போய், 1992இல் லீக்கிலிருந்தே விலகி, அடியிலிருந்து ஏறி வந்து, 2012இல்தான் மறுபடி சொந்த ஊருக்குள் மைதானம் கட்டினார்கள். செயற்கைப் புல் போட்டதால் வாரம் முழுக்கப் பிள்ளைகளும் ஊர்க்காரரும் வாடகைக்கு விளையாடலாம், அந்தப் பணம் கிளப்புக்கு. 2024 ஜனவரியில் ஆறாவது படியில் இருந்துகொண்டு எஃப்ஏ கோப்பையில், இரண்டாவது படியில் இருந்த இப்ஸ்விச் கிளப்பை அவர்களுடைய மைதானத்திலேயே 2-1 என்று வென்றார்கள், அன்றைக்கு நான் வீட்டில் துள்ளிக் குதித்தேன். ஆனால் ஒன்று. லீக்கின் மேல் நாலு படியில் செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை. ஹாரோகேட் கிளப் 2020இலும், சட்டன் 2021இலும், ப்ரோம்லி 2024இலும் மேலே ஏறியதும் போட்ட புல்லைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் வளர்க்க வேண்டி வந்தது. ஏறிய சந்தோஷத்தோடு வாடகை வருமானமும் போயிற்று. இந்த விதி சின்னக் கிளப்புகளுக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதல் பதிவர் மீண்டும்

பெண்கள் அணியைப் பற்றி எழுதிய அக்கா சொன்னது முழுக்க நியாயம். எங்கள் கிளப்பிலும் அந்த மணிநேரக் கணக்கை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை, அடுத்த கூட்டத்தில் நானே எழுப்புகிறேன். செயற்கைப் புல் பற்றி: போடுகிற செலவு ஒரு பக்கம், பத்து வருஷத்தில் மாற்ற வேண்டி வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே தனியாகச் சேர்க்க வேண்டும். வாடகைக்கு ஆள் வரும் ஊராக இருந்தால் கைகொடுக்கும், எங்கள் ஊரில் பக்கத்திலேயே பள்ளியில் ஒன்று இருக்கிறது, அதனால் எடுபடாது என்பது என் கணிப்பு.

இயற்கைப் புல்லோடு இருக்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சின்ன கிளப்புகளின் மைதானங்களுக்கு மானியம் தரும் ஃபுட்பால் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்தும் பிட்ச்பவர் என்ற செயலி இருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிப் படம் எடுத்து, புல் உயரம், வேர் ஆழம் எல்லாம் அளந்து அனுப்பினால் மைதானத் துறை நிபுணர்கள் பார்த்து அறிக்கை தருவார்கள், என்ன குறை, எந்த மாதம் எதைச் செய்ய வேண்டும் என்று. மானியத்துக்கு விண்ணப்பிக்கவும் அந்த அறிக்கை வேண்டும். கமிட்டியிடம் "புல் மோசம்" என்று சொல்வதும், அந்த அறிக்கையை மேஜையில் வைப்பதும் ஒன்றல்ல. உங்கள் கிளப் அதைச் செய்திருக்கிறதா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் வர்ற சனிக்கிழமை போனும் அளவுகோலுமாகப் போய் நில்லுங்கள், கிரவுண்ட்ஸ்மேனிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டு.